ஒற்றைக் கண் உயிரும் பாலைவனக் கிணறும்

தண்ணீரைப் பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குளத்துத் தண்ணீரை நிரப்புங்கள். குவளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சற்று நேரம் பொறுமையாகப் பாருங்கள்.

வெள்ளைப் புள்ளிகள் சில தெரியும். அவை தூசி போல இருக்கும். ஆனால் தூசி மெல்லக் கீழே இறங்கும். இந்தப் புள்ளிகளோ துள்ளித் துள்ளி நகரும். நிற்கும். மறுபடியும் துள்ளும். ஆம், அவற்றுக்கு உயிர் உண்டு.

அவற்றில் ஓர் உயிரின் பெயர் சைக்ளாப்ஸ். அது ரவைக் குருணை அளவுதான் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின். நண்டுக்கும் இறாலுக்கும் அது தூரத்துச் சொந்தம். அதன் தலை நடுவே ஒரே ஒரு கண் உண்டு. பழைய கிரேக்கக் கதையில் ஓர் அரக்கன் வருவான். அவனுக்கும் நெற்றியில் ஒரே கண். அவன் பெயரைத்தான் இந்தச் சிறு உயிருக்கு வைத்தார்கள். பெண் சைக்ளாப்ஸ் தன் வாலின் இரு பக்கமும் இரண்டு முட்டைப் பைகளைச் சுமந்து திரியும்.

இவ்வளவு சிறிய உயிரைப் பற்றி நாம் ஏன் படிக்க வேண்டும்? அதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சிலர் ஏன் ஆராய வேண்டும்? அதனால் யாருக்கு என்ன பயன்?

இந்தப் பாடத்தில் அதற்கு விடை இருக்கிறது. ஒரு கொடிய நோய் நம் நாட்டை விட்டே போன கதை இது. அந்த நோய்க்கு மாத்திரை கிடையாது. தடுப்பூசியும் கிடையாது. ஆனாலும் நோய் போய்விட்டது. எப்படி?

பாலைவனத்தில் நீர் உயிர்களா?

தில்லியின் நடுவே பாறைக் குன்றுகள் சில உண்டு. அவை ஆரவல்லி மலையின் கடைசி வால். அந்த மலையின் மேற்குப் பக்கம் போனால் ராஜஸ்தான். அங்கே தார்ப் பாலைவனம் இருக்கிறது.

சென்னையில் ஓர் ஆண்டில் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்யும். தார்ப் பாலைவனத்தின் ஜெய்சல்மேர் பகுதியில் சுமார் 20 சென்டிமீட்டர்தான் பெய்யும். அதுவும் சில நாட்களில் பெய்து ஓய்ந்துவிடும்.

அந்த மழை நீரை மக்கள் வீணாக்குவதில்லை. ஊர்க் குளத்தில் தேக்குவார்கள். அதற்கு அங்கே 'நாடி' என்று பெயர். வீட்டருகே தரைக்கு அடியில் தொட்டி கட்டுவார்கள். அதற்கு 'டாங்கா' என்று பெயர். கிணறும் வெட்டுவார்கள்.

மனிதர் நீரைத் தேடி வருவது போல, சிறு உயிர்களும் அதே நீரில்தான் வாழ்கின்றன. வேறு போக்கிடம் ஏது?

குளம் வற்றினால் இந்த உயிர்கள் என்ன ஆகும்? செத்துவிடும் என்று நினைப்போம். எல்லாம் சாவதில்லை. சைக்ளாப்ஸ் இனங்களில் பல, வளரும் பருவத்திலேயே சேற்றுக்குள் புகுந்து உறங்கும். வேறு சில உயிர்கள் முட்டையை விட்டுச் செல்லும். அந்த முட்டை காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மழை வந்ததும் பொரியும். நாம் விதை நெல்லைக் காய வைத்துச் சேமிப்பது போலத்தான் இதுவும்.

சக்கர உயிரி என்று ஒன்று உண்டு. அது சைக்ளாப்ஸைவிடச் சிறியது. 1702ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டில் லீவன்ஹூக் என்பவர் அதைச் சோதித்தார். கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் காய்ந்து கிடந்த மண்ணை எடுத்தார். அதில் தண்ணீர் ஊற்றினார். சிறிது நேரத்தில் சக்கர உயிரிகள் அசைந்தன. நீந்தின. காய்ந்த மண்ணுக்குள்ளும் உயிர் இருக்கிறது என்று உலகம் அறிந்தது.

படிக்கிணறு

தில்லியில் இருப்பவர்கள் கன்னாட் பிளேஸ் அருகே அக்ரசேன் பாவ்லியைப் பார்த்திருக்கலாம். பாவ்லி என்றால் படிக்கிணறு. நிஜாமுதீன் தர்காவிலும் ஒரு பாவ்லி உண்டு.

நம் ஊர்க் கிணற்றில் கயிறு கட்டி வாளியில் நீர் சேந்துகிறோம். படிக்கிணறு அப்படி அல்ல. தரையிலிருந்து நீர் வரை படிகள் இறங்கும். கோடையில் நீர் கீழே போகும். மக்களும் கூடுதலாகப் படி இறங்குவார்கள். குடத்தை நீரில் அமிழ்த்தி மொண்டு வருவார்கள்.

ராஜஸ்தானில் இத்தகைய கிணறுகள் நிறைய இருந்தன. தண்ணீர் அரிதான ஊரில் அது ஒரு வரம். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. நீர் மொள்ளுகிறவர்களின் கால் நீரில் படும். அந்த நீரைத்தான் ஊரே குடிக்கும்.

கால் பட்டால் என்ன? அழுக்குத்தானே? அதைவிடப் பெரிய கேடு அங்கே இருந்தது.

நரம்புச் சிலந்தி நோய்

அந்தக் கேட்டின் பெயர் நரம்புச் சிலந்தி நோய். ஆங்கிலத்தில் இதைக் கினி வார்ம் என்பார்கள். ராஜஸ்தான் மக்கள் 'நாரு' என்றார்கள். பெயரில் சிலந்தி இருந்தாலும் இது சிலந்திப் பூச்சி அல்ல. இது ஒரு புழு. பார்க்க வெள்ளை நூல் போல இருக்கும். நீளமோ ஒரு மீட்டர் வரை இருக்கும்.

நோய் வரும் விதத்தைப் பாருங்கள்.

முதலில் காலில் ஒரு கொப்புளம் வரும். தீப்பட்டது போல எரியும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார். அல்லது நீர் மொள்ளக் கிணற்றில் இறங்குவார். உடனே கொப்புளம் உடையும். உள்ளே இருக்கும் பெண் புழு தன் தலையை நீட்டும். இலட்சக்கணக்கான புழுக்குஞ்சுகளை நீரில் விடும்.

பிறகு புழு மெல்ல மெல்ல வெளியே வரும். அதை வேகமாக இழுக்கக் கூடாது. இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். அதனால் ஒரு சிறு குச்சியில் அதைச் சுற்றுவார்கள். ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான் வரும். முழுப் புழுவும் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும்.

அத்தனை நாளும் நோயாளி எப்படி வேலைக்குப் போவார்? நடக்கவே முடியாது. ஒருவருக்கே பல புழுக்கள் வருவதும் உண்டு. ஒரு முறை வந்தவருக்கு மறு ஆண்டும் வரும். உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. விதைக்கும் காலத்தில் நோய் வந்தால் நிலம் தரிசாகும். அறுக்கும் காலத்தில் வந்தால் பயிர் வீணாகும். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த நோயைக் 'காலிக் குதிர் நோய்' என்று மக்கள் சொன்னார்கள். நோய் புகுந்த வீட்டின் குதிரில் தானியம் இருக்காது என்று பொருள்.

இது எங்கிருந்து வருகிறது என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. காலிலிருந்து வெளியே வருகிறது. எனவே காலின் வழியாகத்தான் உள்ளே போயிருக்கும் என்று பலர் எண்ணினார்கள். விதி என்று சொன்னவர்களும் உண்டு.

மண் குளத்தில் ஒரு விடை

அலெக்சி ஃபெட்சென்கோ என்பவர் ரஷ்ய நாட்டு ஆராய்ச்சியாளர். 1844ஆம் ஆண்டு பிறந்தவர். அவருக்கு ஊர் சுற்றுவதிலும் உயிர்களை ஆராய்வதிலும் ஆர்வம் அதிகம். அவர் மனைவி ஓல்காவும் அப்படியே. ஓல்கா தாவர இயல் படித்தவர். இருவரும் சேர்ந்தே மத்திய ஆசியாவுக்குப் பயணம் போனார்கள். அது மலையும் பாலைவனமும் உள்ள பகுதி. அங்கே ஊர்களின் நடுவே படிகள் கொண்ட குளங்கள் இருந்தன. நரம்புச் சிலந்தி நோயும் இருந்தது.

ஃபெட்சென்கோ புழுக்குஞ்சுகளை எடுத்தார். குளத்துச் சைக்ளாப்ஸ்களையும் எடுத்தார். இரண்டையும் ஒரே பாத்திரத்து நீரில் விட்டார். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தார். நுண்ணோக்கி என்றால் மைக்ராஸ்கோப். சிறியதைப் பெரிதாகக் காட்டும் கருவி.

சைக்ளாப்ஸின் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே இருப்பது வெளியே தெரியும். அதன் உடலுக்குள் புழுக்குஞ்சுகள் இருந்தன! அங்கே அவை தோல் உரித்து வளர்ந்தன.

1870ஆம் ஆண்டு அவர் இதை எழுதி வெளியிட்டார். காலின் வழியாக நோய் நுழையவில்லை. குடிக்கும் தண்ணீரில், ரவை அளவுள்ள ஓர் உயிருக்குள் ஒளிந்து வருகிறது என்று அவர் காட்டிய வழி சுட்டியது.

1873ஆம் ஆண்டு ஃபெட்சென்கோ ஐரோப்பாவில் ஒரு பனிமலையில் ஏறும்போது இறந்தார். அப்போது அவருக்கு வயது 29. அவர் விட்ட எழுத்து வேலைகளை ஓல்கா தொடர்ந்து செய்தார்.

1906ஆம் ஆண்டு லெய்ப்பர் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் மேலும் ஒரு சோதனை செய்தார். புழுக்குஞ்சுள்ள சைக்ளாப்ஸ்களை வாழைப்பழத்தில் வைத்து ஒரு குரங்குக்குக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்துக் குரங்கின் உடலில் நரம்புச் சிலந்திப் புழுக்கள் இருந்தன. ஐயம் தீர்ந்தது.

இப்போது முழு வட்டமும் தெரிந்துவிட்டது.

1. நோயாளியின் கால் நீரில் படுகிறது. புழுக்குஞ்சுகள் நீரில் கலக்கின்றன.
2. சைக்ளாப்ஸ் அவற்றைத் தின்கிறது.
3. சைக்ளாப்ஸின் உள்ளே குஞ்சுகள் சுமார் இரண்டு வாரம் வளர்கின்றன.
4. அந்த நீரை வடிகட்டாமல் ஒருவர் குடிக்கிறார்.
5. வயிற்றில் சைக்ளாப்ஸ் செத்துவிடுகிறது. குஞ்சு வெளியே வந்து உடலுக்குள் புகுகிறது.
6. ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்துக் காலில் கொப்புளம் வருகிறது.

ஓர் ஆண்டுக்கு முன் குடித்த நீருக்கும் இன்று வந்த கொப்புளத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? அதனால்தான் இந்த உண்மை இத்தனை காலம் மறைந்து கிடந்தது.

இந்த வட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். இதில் ஒரே ஓர் இடத்தில் வெட்டினால் போதும். முழு வட்டமும் அறுந்துவிடும். சைக்ளாப்ஸ் வாய்க்குள் போகாமல் இருந்தால் போதும். நோயாளியின் கால் நீரில் படாமல் இருந்தாலும் போதும்.

சித்ரதுர்க்காவில் மூர்த்தி

நம் தென்னாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் சித்ரதுர்க்கா மாவட்டம் இருந்தது. அது வறண்ட பூமி. இன்று அது கர்நாடகத்தில் உள்ளது. அங்கே படிக்கிணறுகளும் நரம்புச் சிலந்தி நோயும் இருந்தன.

1930களில் வி. என். மூர்த்தி என்பவர் அங்கே ஆராய்ந்தார். எந்த ஊரில் நோய் இருக்கிறது, எந்தக் கிணற்றில் சைக்ளாப்ஸ் இருக்கிறது என்று பார்த்தார். சைக்ளாப்ஸின் உள்ளே புழுக்குஞ்சு எப்படி வளர்கிறது என்பதையும் நுணுக்கமாகக் கவனித்து எழுதினார்.

அவரும் ஸ்வீட் என்ற மருத்துவரும் சேர்ந்து ஓர் எளிய வழியைச் சோதித்தார்கள். கிணற்றில் சிறு மீன்களை விட்டார்கள். மீன்கள் சைக்ளாப்ஸைத் தின்றன. இதை 1936ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார்கள். கொசுப்புழுவைத் தின்ன இன்று கிணற்றில் மீன் விடுகிறோம் அல்லவா? அது போன்ற வழிதான் இது.

இதே காலத்தை ஒட்டி மத்திய ஆசியாவின் புகாரா நகரிலும் வேலை நடந்தது. ஐசாயெவ் என்ற ஆராய்ச்சியாளர் அதை முன்நின்று நடத்தினார். கேடான குளங்களை வற்றவைத்தார்கள். 1931ஆம் ஆண்டுக்குள் அங்கே நோய் நின்றது. மருந்தில்லாமலே இந்த நோயை ஒழிக்க முடியும் என்பது அப்போதே தெரிந்தது.

தில்லியிலிருந்து ஒரு திட்டம்

பழைய தில்லிக்கு வடக்கே சிவில் லைன்ஸ் பகுதியில் ஷாம்நாத் மார்க் என்ற சாலை இருக்கிறது. அங்கே தேசியத் தொற்றுநோய் நிறுவனம் இருந்தது. முதலில் அது மலேரியாவை ஆராயும் நிறுவனம். 1963ஆம் ஆண்டு தொற்றுநோய்கள் அனைத்தையும் கவனிக்கும் நிறுவனமாக மாறியது. 2009ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க 1983-84ஆம் ஆண்டில் இந்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. தில்லியில் உள்ள இந்த நிறுவனம் அதை வழிநடத்தியது.

அப்போது ஏழு மாநிலங்களில் நோய் இருந்தது. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவை அவை. நம் தமிழ்நாடு இந்த நோயிலிருந்து முதலிலேயே விடுபட்டது. 1984ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சுமார் 40,000 பேருக்கு நோய் இருந்தது. 12,000க்கும் மேற்பட்ட கிராமங்களில் நோயாளிகள் இருந்தார்கள்.

தில்லியில் உட்கார்ந்து கொண்டு இத்தனை கிராமங்களில் நோயை ஒழிக்க முடியுமா? முடியாது. தில்லியில் திட்டம் போடலாம். புத்தகத்தில் அறிவு இருக்கலாம். ஆனால் தண்ணீர் மொள்ளுகிறவர் கிராமத்துப் பெண். அவர் கைக்கு அந்த அறிவு போய்ச் சேர வேண்டும்.

கிராமத்தில் நடந்தது

சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். யாருக்குக் காலில் கொப்புளம் என்று கேட்டார்கள். நோயாளியின் புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். புண் ஆறும் வரை கிணற்றில் இறங்க வேண்டாம் என்று சொன்னார்கள்.

வீட்டுக்கு வீடு மெல்லிய துணி வடிகட்டி கொடுத்தார்கள். குடத்தின் வாயில் துணியைக் கட்ட வேண்டும். அதன் வழியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சைக்ளாப்ஸ் துணியில் தங்கிவிடும். இதுதான் முறை. துணியில் தங்கியதை ஒரு கண்ணாடிக் குவளையில் கழுவிக் காட்டினால் போதும். துள்ளும் புள்ளிகளைக் கண்ணால் கண்டவர் பிறகு வடிகட்டாமல் குடிப்பாரா?

கிணற்று நீரில் டெமிபாஸ் என்ற மருந்தைச் சிறிதளவு கலந்தார்கள். நம் ஊரில் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு ஒழிய ஊற்றும் அபேட் மருந்துதான் அது. ஆயிரம் லிட்டர் நீருக்கு ஒரு கிராம் மருந்து போதும். சரியான அளவில் கலந்தால் சைக்ளாப்ஸ் சாகும், மனிதருக்குக் கேடில்லை.

படிக்கிணறுகளைச் சேந்து கிணறுகளாக மாற்றினார்கள். படியை அடைத்தார்கள். சுற்றுச் சுவர் கட்டினார்கள். இனி வாளிதான் நீரில் படும். கால் படாது. பல ஊர்களில் கைப்பம்பு போட்டார்கள். ராஜஸ்தானின் தெற்கு மாவட்டங்களில் கிராமத்துப் பெண்களே கைப்பம்பைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். 'பம்பு கெட்டது, மெக்கானிக் வரவில்லை' என்று சொல்லி மறுபடியும் படிக்கிணற்றுக்குப் போக வேண்டிய தேவை குறைந்தது.

கடைசி நோயாளி

ஆண்டுக்கு ஆண்டு நோயாளிகள் குறைந்தார்கள். நாற்பதாயிரம் சில ஆயிரம் ஆனது. ஆயிரம் நூறானது. பிறகு விரல் விட்டு எண்ணும் அளவு ஆனது.

கடைசி நோயாளி 1996ஆம் ஆண்டு ஜூலை மாதம் கண்டறியப்பட்டார். இடம் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டம். அது பாலைவனப் பகுதி.

நோய் போய்விட்டது என்று உடனே சொல்லிவிடவில்லை. ஏன் தெரியுமா? குடித்த நீரின் கேடு தெரிய ஓர் ஆண்டு ஆகும் அல்லவா? அதனால் மூன்று ஆண்டுக்கு மேல் தேடிக்கொண்டே இருந்தார்கள். புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இந்தியாவில் நரம்புச் சிலந்தி நோய் இல்லை என்று அறிவித்தது.

நம் நாடு முதலில் ஒழித்தது பெரியம்மை. அதற்குத் தடுப்பூசி இருந்தது. இரண்டாவது ஒழித்தது நரம்புச் சிலந்தி. இதற்கு ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. துணியும் சுவரும் அறிவும்தான் இருந்தன.

உலகத்தில் 1986ஆம் ஆண்டு சுமார் 35 இலட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. 2024ஆம் ஆண்டில் 15 பேருக்குத்தான் வந்தது. அவர்கள் ஆப்பிரிக்காவில் சாட், தெற்கு சூடான் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆனால் அங்கே நாய்களுக்கும் இந்தப் புழு வருகிறது. எனவே வேலை இன்னும் முடியவில்லை.

இந்தப் படிப்பு எப்படிப்பட்டது?

சிறு நீர் உயிர்களை ஆராய்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் என்ன செய்வார்கள்? குளத்துக்கும் குட்டைக்கும் போவார்கள். பட்டு போன்ற மெல்லிய வலையை நீரில் இழுப்பார்கள். வலையில் சிக்கியதைப் புட்டியில் போடுவார்கள். புட்டியின் மேல் ஊர், நாள், நேரம் எழுதுவார்கள். நீரின் சூட்டையும் உப்பையும் அளப்பார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி முன் உட்காருவார்கள். ஒவ்வோர் உயிராக எண்ணுவார்கள். வரைவார்கள். சைக்ளாப்ஸில் பல இனங்கள் உண்டு. ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரித்தறிய அதன் ஐந்தாவது காலைப் பார்ப்பார்கள். உடலே ஒரு மில்லிமீட்டர். அதில் ஐந்தாவது கால் எவ்வளவு இருக்கும்? எவ்வளவு பொறுமை வேண்டும்!

தில்லிப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் டி. ராமகிருஷ்ண ராவும் எஸ். எஸ். எஸ். சர்மாவும் சக்கர உயிரிகளை ஆராய்ந்தார்கள். டி.டி.டி. என்ற பூச்சிமருந்து நீரில் சிறிது கலந்தால் அவற்றுக்கு என்ன ஆகும் என்று சோதித்தார்கள். அதை 1986ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். வயலில் தெளிக்கும் மருந்து குளத்துக்கு வந்தால் என்ன கேடு என்பதைச் சிறு உயிர் முதலில் சொல்லிவிடும். சர்மா பிறகு மெக்சிகோ நாட்டுக்குப் போனார். அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

மெக்சிகோவும் அமெரிக்காவும் சேரும் இடத்தில் சிவாவா என்ற பாலைவனம் உண்டு. அங்கே பாறைக் குழிகளில் மழை நீர் தேங்கும். சில நாளில் வற்றிவிடும். எலிசபெத் வால்ஷ் என்ற பெண் பேராசிரியர் அந்தக் குழிகளில் வாழும் சக்கர உயிரிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்.

இந்தப் படிப்பில் சேர என்ன வேண்டும்? பள்ளியில் உயிரியல் படிக்க வேண்டும். கல்லூரியில் விலங்கியல் பட்டம் பெற வேண்டும். அதன் பின் மேற்பட்டம். அதன் பின் சில ஆண்டுகள் ஆராய்ச்சி. உங்கள் மகளோ மகனோ குட்டைத் தண்ணீரை உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். உட்கார்ந்து கூடவே பாருங்கள்.

பழைய சேலையின் பயன்

நம் நாட்டில் இப்போது நரம்புச் சிலந்தி இல்லை. அப்படியானால் வடிகட்டுவதை நிறுத்திவிடலாமா?

வங்காளதேசத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. காலரா கிருமிகள் நீரில் தனியாகவும் இருக்கும். சைக்ளாப்ஸ் போன்ற சிறு உயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டும் இருக்கும். அந்தச் சிறு உயிரை வடிகட்டினால் பல கிருமிகளும் சேர்ந்து போகும். ரீட்டா கால்வெல் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் சேர்ந்தவர்களும் இதைக் கிராமங்களில் சோதித்தார்கள். பருத்திச் சேலையை எட்டு மடிப்பாக்கி வடிகட்டச் சொன்னார்கள். புதிய சேலையைவிடப் பழைய சேலையே நல்லது. பல முறை துவைத்ததால் நூல் பொங்கி, துளை சிறிதாகியிருக்கும். வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறக்குறைய பாதி குறைந்தது. இதை 2003ஆம் ஆண்டு வெளியிட்டார்கள்.

பாதிதான் குறைந்தது என்பதையும் கவனியுங்கள். துணியில் எல்லாக் கிருமியும் தங்காது. டைபாய்டு, மஞ்சள் காமாலை முதலிய நோய்களின் கிருமிகள் துணியைத் தாண்டிப் போகும். எனவே குளத்து நீரையோ கிணற்று நீரையோ குடிப்பதாக இருந்தால் முதலில் வடிகட்டுங்கள். பிறகு நன்றாகக் கொதிக்க வையுங்கள். கொதித்த நீரை மூடி வையுங்கள். வடிகட்டிய துணியை நல்ல நீரில் அலசி வெயிலில் காய வையுங்கள்.

சொற்களும் பொருளும்

நுண்ணோக்கி – சிறியதைப் பெரிதாகக் காட்டும் கருவி
படிக்கிணறு – நீர் வரை படி இறங்கும் கிணறு
சேந்து கிணறு – கயிறும் வாளியும் கொண்டு நீர் எடுக்கும் கிணறு
குதிர் – தானியம் சேமிக்கும் பெரிய கூடு
புழுக்குஞ்சு – முட்டையிலிருந்து வந்த இளம் புழு

விடை எழுதுங்கள்

1. சைக்ளாப்ஸுக்கு எத்தனை கண்?
2. நரம்புச் சிலந்திப் புழுவை ஏன் வேகமாக இழுக்கக் கூடாது?
3. ஃபெட்சென்கோ சைக்ளாப்ஸின் உள்ளே எதைக் கண்டார்?
4. படிக்கிணற்றைச் சேந்து கிணறாக மாற்றியதால் நோய் எப்படி நின்றது?
5. இந்தியாவின் கடைசி நோயாளி எந்த ஆண்டு, எந்த மாவட்டத்தில் கண்டறியப்பட்டார்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் குடிநீர் எங்கிருந்து வருகிறது? குழாயடியில் நீர் தேங்குகிறதா? கைப்பம்பு பழுதானால் யாரிடம் சொல்கிறீர்கள்? அதைச் சரி செய்ய உங்களில் யாராவது கற்றுக்கொள்ள முடியுமா? மையத்துக்கு வருகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள். பேசியதை ஐந்து வரியில் எழுதுங்கள். எழுதியதை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள்.